மலைப்பாதையும் மக்கள் உரிமையும்

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கூலி உயர்வுக்காகச் சிறை சென்றவர்களை நாம் அறிவோம். காலாற நடக்க ஒரு பாதை கேட்டுச் சிறை சென்றவர்களும் உண்டு என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். இங்கிலாந்தில் அது நடந்தது. அதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

மாஞ்செஸ்டர் பஞ்சாலை நகரம். ஷெபீல்டு எஃகு நகரம். இவ்விரண்டுக்கும் நடுவே கிண்டர் ஸ்கவுட் என்ற மலை. வாரமெல்லாம் புகையையும் பஞ்சுத் தூசியையும் சுவாசித்த தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமையாவது நல்ல காற்றைத் தேடி அங்கே போனான். ஆனால் மேலே ஏற அனுமதி இல்லை. ஊராரின் பொது மேய்ச்சல் நிலங்களைப் பிரபுக்கள் வேலி கட்டித் தமதாக்கிக் கொண்டிருந்தார்கள். வருஷத்தில் சில நாள் அவர்கள் காட்டுக்கோழி சுடுவதற்காக, வருஷம் முழுவதும் தடியோடு காவலாட்கள்!

1932 ஏப்ரல் 24 அன்று சுமார் 400 பேர் தடையை மீறி மலை ஏறினார்கள். முன்னின்றவர் பென்னி ராத்மன். 20 வயது கம்யூனிஸ்ட் வாலிபர், வேலையிழந்த மெக்கானிக். காவலாட்களோடு கைகலப்பு நடந்தது. ஆறு பேர் கைதானார்கள். ஐவருக்கு 2 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை. நாடெங்கும் தொழிலாளர் கொதித்தனர்.

கோபம் மட்டும் போதுமா?

போதாது, தோழர்களே. ஒரு நாள் மிதித்த வழியில் மறுநாளே வேலி முளைக்கும். வழி நிலைக்க வேண்டுமானால் திட்டம் வேண்டும், சட்டம் வேண்டும்.

டாம் ஸ்டீபன்சன் 13 வயதிலேயே துணிக்குச் சாயம் அச்சிடும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பின்னர் பத்திரிகையாளர் ஆனார். மலை மீறல் வழியை அவர் ஏற்கவில்லை. ஆனால் 1935இல் 'டெய்லி ஹெரால்டு' பத்திரிகையில் ஒரு யோசனையை வைத்தார். பென்னைன் மலைத்தொடரின் முதுகு நெடுக, ஸ்காட்லாந்து எல்லை வரை, ஒரே நீண்ட நடைபாதை! இருக்கிற பழைய பாதைகளைக் கோக்க வேண்டும். நடுவே பாதை இல்லாத இடங்களில் நடக்கும் உரிமையைப் பெற வேண்டும்.

எதிர்ப்பு கிளம்பியது. "பறவை கலையும்" என்றார்கள். அந்தப் பறவையைச் சுடுகிறவர்களே இதைச் சொன்னார்கள்! "குடிநீர் ஏரி கெடும்" என்றார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களே நடக்கிறவர்களும். தம் நீரைத் தாமே கெடுத்துக் கொள்வார்களா? ஸ்டீபன்சன் சும்மா இருக்கவில்லை. 1948இல் பார்லிமெண்ட் அங்கத்தினர்களையே மலைக்கு அழைத்துப் போய் நடக்க வைத்தார். 1949இல் சட்டம் வந்தது. நடைபாதைகளைப் படத்தில் பதிவு செய்வது கவுண்டி கவுன்சில்களின் கடமை ஆயிற்று. நீண்ட பாதைகளை அமைக்கவும் அச்சட்டம் வழி செய்தது.

அதன் பிறகும் ஒவ்வொரு துண்டுக்கும் நிலச் சொந்தக்காரர்களோடு வழக்காட வேண்டியிருந்தது. 268 மைல் பாதை 1965இல்தான் திறக்கப்பட்டது. தேதி என்ன தெரியுமா? அதே ஏப்ரல் 24! கிண்டர் மலை ஏறி 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தவெளி மேட்டு நிலங்களில் உலாவும் உரிமையையே தந்தது. 2002இல், அன்றைய நிலச் சொந்தக்காரரான டியூக்கின் பேரர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆனால் சண்டை முடியவில்லை. இங்கிலாந்தின் பெரும்பகுதி நிலத்தில் அந்த உரிமை இன்னும் இல்லை.

ஓய்வு என்பது முதலாளி போடும் பிச்சை அல்ல, உழைத்தவனுக்குரிய பாக்கி. அதை வாங்கக் காலும் வேண்டும், படமும் வேண்டும். மீறியவர்கள் கேள்வியை எழுப்பினார்கள்; திட்டமிட்டவர்கள் விடையை எழுதி வைத்தார்கள்.

கடைசியாக ஒன்று. லட்சக்கணக்கான கால்கள் பட்டு அந்தப் பாதையில் ஈர மண் கரைந்தது. செப்பனிடக் கற்பலகைகள் கொண்டுவந்து பதித்தார்கள். அவற்றில் பல எங்கிருந்து வந்தன? இடிக்கப்பட்ட பஞ்சாலைகளின் தரையிலிருந்து! பாட்டன் நின்று உழைத்த கல்லின் மேல் பேரன் இன்று காற்று வாங்கி நடக்கிறான்.