இரத்தினபுரி மண்ணில் பனிக்காலத்தின் சுவடுகள்

வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலே அலாஸ்கா என்னும் பனிநாடு இருக்கின்றது. அங்குச் செல்லும் உல்லாசப் பயணிகள், படுக்கையும் அடுப்பும் அமைந்த பெரிய மோட்டார் வண்டிகளில் நாட்கணக்காகச் சுற்றுவர். ஒரே நாளில் கரடியையும் காண்பர். மலையிலிருந்து மெல்ல இறங்கும் பனியாற்றையும் காண்பர். கீனாய்ப் பகுதியிலுள்ள எக்சிட் பனியாற்றுக்குச் செல்லும் வழியோரம் ஆண்டுகள் பொறித்த பலகைகள் நடப்பட்டுள்ளன. இன்ன ஆண்டில் பனியின் விளிம்பு இவ்விடத்தில் இருந்தது என்பதை அவை கூறும். பனி எவ்வளவு தூரம் பின்வாங்கிவிட்டது என்பதை, நடப்பவர் தம் காலடிகளாலேயே அளந்து அறியலாம்.

சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழ்வோர்க்கும் பனியாற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் உயரமுடையது. ஆயினும் அதன் முடியில் பனிக்கட்டி நிலைப்பதில்லை. இலங்கையர் பனியென்று அறிந்ததெல்லாம், தை மாதத்து விடியலில் நுவரெலியாப் புல்வெளியில் உறைந்து, வெயில் ஏறியதும் மறையும் உறைபனியே. எனினும், தொலைதூரத்துப் பனியின் கதை இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் எழுதப்பட்டிருக்கின்றது.

தோட்டத்துக் குடும்பமொன்று, வேலையில்லாத நாளொன்றில் கட்டுச்சோற்றுடன் வாடகை வண்டியேறிப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். முதலிற் செல்லவேண்டிய இடம் இரத்தினபுரி தேசிய நூதனசாலை. எஹலப்பொல வளவ்வையில் அமைந்த அந்நூதனசாலையில், கல்லாய்ச் சமைந்த எலும்புகளும் பற்களும் வைக்கப்பட்டுள்ளன. மாணிக்கம் அகழ்வோர் சேற்றை இறைத்துக் கீழே இறங்கும்போது, ‘இல்லம’ என்று சிங்களத்தில் வழங்கும் பரற்கற் படையை அடைவர். மாணிக்கம் கிடைப்பது அப்படையிலேதான். நீர்யானை, காண்டாமிருகம், காட்டெருது ஆகியவற்றின் எச்சங்களும் அதிலேயே கிடைத்தன. குருவிட்டையில் கிடைத்த இரண்டு பற்களைக்கொண்டு, இத்தீவில் சிங்கம் வாழ்ந்ததென்று 1939ஆம் ஆண்டில் அறிவித்தவர் அறிஞர் பி. ஈ. பி. தெரணியகல ஆவார்.

இவ்விலங்குகள் தீவுக்குள் எவ்வாறு வந்தன? விடை பனியில் இருக்கின்றது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பூமியின் வடபாகத்தைப் பனிப்பாளங்கள் மூடிக்கிடந்தன. கடல்நீரின் ஒரு பகுதி நிலத்தின்மீது பனியாக உறைந்தமையால், கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக்கு நீரிணை அன்று வறண்ட தரை. அதற்கு முந்திய பனிக்காலங்களிலும் அவ்வழி பன்முறை திறந்தது. இந்தியாவிலிருந்து விலங்குகள் கால்நடையாகவே வந்தன. பனி உருகிற்று; கடல் ஏறிற்று; வழி அடைபட்டது. காலநிலை மாறிவந்த அந்நெடுங்காலத்தில் சிங்கமும் நீர்யானையும் காண்டாமிருகமும் இங்கு அற்றொழிந்தன. தோட்டத்து மக்களின் முன்னோர், அதே நீரிணையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோணியேறிக் கடந்து வந்தனர்.

அவற்றுள் எஞ்சிய பெருவிலங்கு யானை. அதனைக் காண வண்டி பெல்மதுளை, கஹவத்தை, கொடகவெல வழியே தெற்கு நோக்கிச் செல்லவேண்டும். தேயிலையும் இறப்பரும் மெல்லக் குறைய, மழைநாடு முடிந்து வறண்ட நிலம் தொடங்கும். நண்பகலில் உடவளவையிலுள்ள யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் நிலையத்தை அடையலாம். வனசீவராசிகள் திணைக்களம் 1995இல் இதனை அமைத்தது. தாயை இழந்தும், குழியில் வீழ்ந்தும், கூட்டத்தைப் பிரிந்தும் வந்த குட்டிகளுக்கு மூன்று மணிக்கொருமுறை புனல் வழியே பாலூட்டுவர். மக்கள் மேடையில் நின்று பார்க்கலாமேயன்றித் தொட இயலாது. கேகாலை மாவட்டத்துப் பின்னவலையில் 1975இல் தொடங்கிய யானைகள் சரணாலயத்தில் யானைகள் மனிதரோடு பழகி அங்கேயே வளரும். இங்கோ குட்டிகள் ஏறத்தாழ ஐந்து வயதில் காட்டுக்கே திரும்பவேண்டும். அதனாலேயே மனிதக் கையின் பழக்கம் அவற்றுக்கு விலக்கப்பட்டது.

மாலையில் உடவளவைத் தேசிய வனத்தைக் காணலாம். வளவை கங்கையை மறித்து நீர்த்தேக்கம் கட்டியபோது இடமிழந்த விலங்குகளுக்குப் புகலிடமாக, 1972இல் 308 சதுரக் கிலோமீற்றர் நிலம் ஒதுக்கப்பட்டது. நீரில் நின்ற பட்டமரங்களின் இடையே, யானைக் கூட்டம் குட்டிகளை நடுவில் விட்டு நீருந்தும் காட்சி கண்ணை விட்டு அகலாது.

திரும்பும் வழியில் ஓர் எண்ணம் எழாமற்போகாது. மழைநாட்டுக் காடுகளிலும் ஒருகாலத்தில் யானைகள் மிகுந்திருந்தன. முதலில் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாகக் காடுகள் அழிக்கப்பட்டன. இன்று சிங்கராஜ வனத்தில் எஞ்சிய யானைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிங்கத்தின் பெயரைத் தாங்கிய அவ்வனத்தில் சிங்கம் இல்லை. யானையும் இல்லையாகும் நாள் தொலைவில் இல்லை. பனிக்காலத்து மாற்றங்களுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் சென்றன. கோடரிக்கு இருநூறு ஆண்டுகளும் வேண்டியிருக்கவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட யானைகள் மடிந்தன; யானைகளால் 150க்கும் மேற்பட்ட மனிதர் உயிரிழந்தனர். இருதரப்பும் ஒரே நிலத்துக்காகவே மோதுகின்றன. காட்டைத் தம் கையால் வெட்டிய தொழிலாளி அதனைத் தமக்கென வெட்டவில்லை. ஆயினும் இன்று யானைக்கும் வறுமைக்கும் நடுவே நிற்பவன் ஏழைக் குடியானவனே.

உடவளவை வீதியோர மின்வேலிக்கு அப்பால், பழத்துக்காகத் துதிக்கை நீட்டி நிற்கும் யானைகளைப் பலர் காண்பர். பழம் நீட்டுவது இரக்கமாகத் தோன்றும். ஆனால் அது யானையை வீதிக்குப் பழக்கி, வேலியைக் கடக்கத் தூண்டுகின்றது. பழத்தோடு பொலித்தீன் உறையும் அதன் வயிற்றுள் செல்கின்றது. கொடாமல் கடந்து செல்வதே அங்குச் செய்யத்தக்க உதவி.

அலாஸ்காவில் பனி விட்டகன்ற இடத்தைப் பலகைகள் காட்டுகின்றன. இரத்தினபுரியில் அதே பணியை நூதனசாலையின் எலும்புகள் செய்கின்றன. காலையில் அவற்றைக் கண்ட பிள்ளைகள், மாலையில் உயிருள்ள யானையைக் கண்டு வீடு திரும்புகின்றனர். அவர்களின் பிள்ளைகளும் யானையைக் காட்டிலே காண்பார்களா, கண்ணாடிப் பெட்டியிலே காண்பார்களா என்பதை முடிவு செய்வோர் இன்று வாழ்வோரே.