ஊராட்சியும் முன்னெச்சரிக்கையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊராட்சி தனக்கு நேரக்கூடிய இடர்களை எங்ஙனம் முன்கூட்டி அறிந்து காத்துக்கொள்வது என்பதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள பொருள். இது வங்கிக்காரர்களும் கம்பெனி நிர்வாகிகளும் பேசவேண்டிய விஷயமாயிற்றே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். உழவனுக்கு இது புதிதன்று. ஐப்பசி பிறக்குமுன் வரப்பில் எலிவளை இருக்கிறதா என்று நடந்து பார்ப்பதும், நாற்றங்கால் அழுகினால் மறுபடி விடுவதற்கென்று விதைநெல்லில் ஒரு பங்கை எடுத்து வைப்பதும் வேறென்ன? தன் வயலுக்குச் செய்கிற இக்காரியத்தை நாம் ஊராட்சிக்குச் செய்வதில்லை, குறை அவ்வளவே.

என் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒன்றை முதலிற் சொல்லிவிடுகிறேன். அது எனக்குப் பெருமை தருவதன்று. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு வட்டாரத்தில் நான் பணியாற்றிய காலத்தில், ஒரு சிற்றூருக்கு ஆய்வுக்குச் சென்றேன். அங்கே 30,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டி ஒன்று இருந்தது. குளோரின் கலந்த பதிவேட்டைக் கேட்டேன், கொடுத்தார்கள். நாள் தவறாமல் ஒப்பம் இருந்தது. ஆனால் முப்பது நாளும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்தும், அடுத்த ஊருக்கு நேரமாகிறதே என்று கீழே என் ஒப்பத்தையும் இட்டுவிட்டுப் போனேன்.

மூன்று வாரம் கழித்து அவ்வூரில் வாந்திபேதி கண்டது. வண்டி வண்டியாய்க் குழந்தைகளையும் முதியோர்களையும் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். ஒரு மூதாட்டி திரும்பி வரவில்லை.

பின்னர் நடந்ததை விசாரித்தபோது, கொடியவர் என்று சுட்டிக்காட்ட அங்கே ஒருவரும் இல்லை என்பதுதான் எனக்கு வியப்பளித்தது. பிளீச்சிங் பவுடர் இருந்தது. ஆனால் மலிவாய்க் கிடைக்கிறதென்று ஓராண்டுக்கு வேண்டியதை மொத்தமாய் வாங்கி, வாய் திறந்த மூட்டையில் மோட்டார் அறையில் போட்டிருந்தார்கள். காற்றும் ஈரமும் பட்டால் அதன் வீரியம் போய்விடும். வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். தொட்டி இயக்குபவருக்கு மூன்று மாதச் சம்பளம் நிலுவை. ஆகவே அவர் அறுவடை வேலைக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பையன் மோட்டாரை மட்டும் போட்டு நிறுத்திக்கொண்டிருந்தான். சம்பளம் ஏன் நின்றது? தலைவருக்கும் துணைத்தலைவருக்கும் ஒரு சாலை வேலை குறித்து மனத்தாங்கல். காசோலையில் இரண்டாவது ஒப்பம் விழவில்லை. சாலையில் தொடங்கிய பிணக்கு தண்ணீர்க் குடத்தில் வந்து முடிந்தது. இடையில் அதைத் தடுத்திருக்கக்கூடிய இடங்கள் நான்கைந்து உண்டு. அவற்றுள் ஒன்று என் பேனா.

இந்த இரட்டை ஒப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊராட்சி நிதியைத் தலைவரும் துணைத்தலைவரும் கூட்டாக ஒப்பமிட்டு எடுக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தது. ஒருவர் பிழை செய்தால் மற்றவர் தடுக்கட்டும் என்பது கருத்து. நான் கண்டவரையில் இது இரண்டு வகையில் கெடுகிறது. இருவரும் பகைத்துக்கொண்டால் நியாயமான செலவும் நின்றுபோகிறது. இருவரும் மிகவும் வேண்டியவர்களாகிவிட்டாலோ, ஒருவர் காசோலைப் புத்தகம் முழுவதிலும் வெற்று ஒப்பம் இட்டு மற்றவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார். இரண்டாவதுதான் அதிக அபாயம் என்பேன். பகை வெளியில் தெரியும், இது தெரியாது. இப்போது மின்னணு ஒப்பம் வந்திருக்கிறது. சாவிபோன்ற அச்சிறு கருவியையும் அதன் இரகசிய எண்ணையும் கணினி தெரிந்த பையனிடம் ஒப்படைத்துவிடும் தலைவர்கள் இருக்கிறார்கள். அது வெற்றுக் காசோலையின் தம்பியே. குறிப்பாகத் தாய்மார் தலைவராயிருக்கும் ஊராட்சிகளில் கணவரோ உறவினரோ அதை வைத்திருப்பது நன்றன்று. பணத்துக்குக் கேடு வந்தால் பதில் சொல்லவேண்டியவர் அந்த அம்மையார்தாம்.

தணிக்கை இருக்கிறதே என்பீர்கள். தணிக்கை நடந்து முடிந்ததைப் பார்ப்பது. மாடு போனபின் கயிற்றை அளப்பது. நடக்கப்போவதைப் பார்க்க ஊராட்சிக்கே கண் வேண்டும்.

அதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை. நாற்பது பக்கத்து நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். நம் ஊராட்சியில் எது கெடக்கூடும், கெடப்போகிறது என்பதற்கு முதல் அடையாளம் எது, அதைப் பார்த்துவரும் பொறுப்பு யாருடையது என்று எழுதுங்கள். மாதக் கூட்டத்தில் வரவுசெலவுக்கு முன்னதாக அதைப் படியுங்கள். பெயர் எழுதும்போது ஆளின் பெயரையே எழுதுங்கள். "ஊராட்சி கவனிக்கும்" என்று எழுதினால் ஒருவரும் கவனிக்கமாட்டார். பத்து விஷயத்துக்கு மேல் எழுதவேண்டாம். நூறு எழுதிய ஊராட்சி ஒன்றையும் பார்த்தேன். அந்நோட்டு பூஜை அறையில் இருந்தது.

எடுத்துக்காட்டாக, குடிநீருக்கு முதல் அடையாளம் பதிவேடு அன்று, கடைக்கோடித் தெருக்குழாய். அந்நீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். சோதனைக் குப்பியில் நீரைப் பிடித்துத் துளிமருந்து விட்டால் மஞ்சள் நிறம் காட்டும். நிறமே இல்லையென்றால், பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் குளோரின் இல்லை. அத்தெருவிலுள்ள உறுப்பினரே இதைச் செய்யலாம்; ஒரு நிமிட வேலை.

அடுத்தது கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு. 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்ததை நாடே நான்கு நாள் கண்ணீரோடு பார்த்தது. உச்சநீதிமன்றம் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 2010இல், வழி சொல்லியிருந்தது: தோண்டும்போது வேலி கட்டுக, குழாயைச் சுற்றிச் சிமெண்ட் மேடை போடுக, வாயை இரும்புத் தகட்டால் மூடுக, கைவிட்டால் அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்புக என்று. உத்தரவு இருந்தது, எந்தக் கொல்லையில் எந்தக் குழி திறந்து கிடக்கிறது என்ற பட்டியல்தான் இல்லாதிருந்தது. அப்பட்டியலைச் சென்னையிலிருந்து எழுத முடியாது. விவசாயிகளே, தண்ணீர் வராத குழியைச் சொல்லுவதில் வெட்கமொன்றும் இல்லை. சாக்குப்பையைப் போட்டு மூடி வைப்பது மூடுவது ஆகாது.

ஏரியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். அதில் நீங்களே எனக்கு ஆசிரியர்கள். நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. கலிங்கில் அடைப்பும் கரையில் ஈரக்கசிவும் உண்டா என்று புரட்டாசியில் பார்த்து எழுதிக்கொடுங்கள். கார்த்திகையில் தொலைபேசியில் கூப்பிட்டால் மணல்மூட்டை மட்டுமே எங்களால் அனுப்ப முடியும்.

இன்னொன்று. எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்பது பல ஊர்களில் ஒரே மனிதருக்குத்தான் தெரியும். அவர் காய்ச்சலில் படுத்தால் ஊர் தாகத்தில் படுக்கும். அவரை உட்காரவைத்து ஒரு வரைபடம் எழுதி வாங்குங்கள். சம்பளத்தையும் மாதந்தோறும் கொடுங்கள்.

இவற்றை மூடிவைத்துக்கொள்ள வேண்டாம். கிராம சபையில் நோட்டை வாய்விட்டுப் படியுங்கள். நம் குறையை நாமே சொல்வதா என்று தலைவர்கள் தயங்குவது எனக்குத் தெரியும். கேள்வி கேட்பார்கள், சிலர் குரலை உயர்த்துவார்கள். ஆனால் ஒரு மூலையிலிருந்து ஒரு கிழவர், அந்தக் குழாய் சாக்கடைக்குள் ஓடுகிறதே என்பார். அது எந்தப் பதிவேட்டிலும் இராது.

சோதனைக் குப்பியும் துளிமருந்தும் கொண்டுவந்திருக்கிறேன். உணவு இடைவேளைக்கு முன் இம்மண்டபத்துக் குழாய்நீரையே பிடித்துப் பார்ப்போம். முன்வரிசையில் இருப்பவர்கள் இருவர் என்னோடு வாருங்கள்.