உக்கிராணக்காரரின் கணக்குப் புத்தகம்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் நமது போதகர் ஆற்றிய உரை)



காணிக்கை கேட்பதற்காகவே போதகர் எழுந்து நிற்கிறார் என்று நினைக்க வேண்டாம். காணிக்கைப் பெட்டிக்கு வருமுன் பணம் உங்கள் வீட்டில் எப்படி நடத்தப்படுகிறது என்பதையே இன்று சிந்திப்போம்.

மருத்துவமனைப் படுக்கை அருகே ஜெபிக்கும்படி எங்களை அழைக்கிறவர்கள் முதலில் வியாதியைச் சொல்வார்கள். சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் கடனைச் சொல்வார்கள். காய்ச்சல் இறங்கிய பின்பும் வட்டி இறங்குவதில்லை. சுகம் பெற்று வீடு திரும்புகிறவர் முகத்தில் சந்தோஷம் இல்லாமற்போவதற்கு அநேக நேரங்களில் இதுவே காரணம்.

உக்கிராணக்காரன் சொத்துக்குச் சொந்தக்காரன் அல்ல. எஜமானுடையதைக் கையில் வைத்து, கேட்கும் நாளில் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன். லூக்கா 16-ஆம் அதிகாரத்தின் உவமை கணக்குக் கேட்பதில்தான் தொடங்குகிறது. லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் சொல்கிறார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோரும் சொன்னார்கள். ஆகவே வரவு செலவு எழுதிவைப்பது விசுவாசக் குறைவல்ல. அதுவும் ஆராதனையின் ஒரு பகுதியே.

நம் ஊர்க் கணக்கு ஒன்றைப் பாருங்கள். நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் சிறிதாகத் தோன்றும். அது மாத வட்டி. ரூ. 50,000 கடனுக்கு மாதம் ரூ. 1,500, வருடத்துக்கு ரூ. 18,000. மூன்று வருடம் முடியுமுன் கட்டிய வட்டி அசலைத் தாண்டிவிடும். அசல் அப்படியே நிற்கும். தண்டல் இன்னும் கொடியது. பத்தாயிரம் என்று எழுதி, கையில் ரூ. 8,500 கொடுத்து, தினம் ரூ. 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வந்தாலும், முழுத் தொகைக்கும் நூறு நாள் வட்டியை முன்னதாகவே பிடித்துவிடுகிறார்கள். அதே நகையை வங்கியில் வைத்தால் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு ரூபாய் அளவோடு முடியும். இந்த வித்தியாசம் தெரியாததால் இழந்த தாலிக்கொடிகள் எத்தனை!

அதிக வட்டி தருகிறோம் என்று அழைக்கிறவர்களிடமும் எச்சரிக்கையாயிருங்கள். 1990-களில் தமிழகத்தில் அநேக நிதி நிறுவனங்கள் மூழ்கின. முதலீட்டாளர் நலன் காக்க 1997-ல் அங்கே தனிச் சட்டம் வந்தது. நமது புதுச்சேரியிலும் 2004-ல் அப்படியே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது செல்லும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டம் வருவது பணம் போன பின்பே. சீட்டுக் கட்டுகிறவர்கள் அது 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவானதா என்று கேளுங்கள். சீட்டு நடத்துகிறவர் சபையார் என்பது பதிவுச் சான்று ஆகாது. வங்கி வைப்புத் தொகைக்கோ 2020 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

அன்பானவர்களே, இப்போது உங்களுக்கு வியப்பாயிருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறோம். கடன் வாங்கி இந்த மருத்துவமனைக்குக் காணிக்கை அனுப்ப வேண்டாம். நகையை அடகு வைத்துப் பொருத்தனை செலுத்த வேண்டாம். நன்கொடையால் நடக்கும் ஊழியம் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபம் 8-ஆம் அதிகாரத்தில், ஒருவனிடத்தில் இல்லாததை அல்ல, இருப்பதையே தேவன் பார்க்கிறார் என்று பவுல் போதிக்கிறார். தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தகப்பனையும் தாயையும் கைவிட்டவர்களை மாற்கு 7-ல் ஆண்டவர் கண்டித்தார்.

ஏழை விதவை எல்லாவற்றையும் போட்டாளே என்று சிலர் கேட்கலாம். மாற்கு 12-ல் அந்தப் பகுதிக்குச் சற்று முன்னே வாசியுங்கள். விதவைகளின் வீடுகளை விழுங்குகிற மார்க்கத்தலைவர்களை ஆண்டவர் கடிந்துகொள்கிறார். அவளுடைய அன்பு மகா பெரியது. ஆனால் அவளிடம் வற்புறுத்தி வாங்க எந்த ஊழியத்துக்கும் அதிகாரமில்லை. எங்களுக்கும் இல்லை.

அப்படியானால் ஏழை கொடுக்க முடியாதா? முடியும். தென் மாவட்டச் சபைகளில் தாய்மார் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்தார்கள். முதலில் எடுத்தார்கள், இருந்ததிலிருந்து எடுத்தார்கள், தினமும் எடுத்தார்கள். 1903-ல் வேதநாயகம் அசரியாவும் திருநெல்வேலிச் சபையாரும் இந்திய மிஷனெரி சங்கத்தை ஏற்படுத்தியபோது, நம் ஜனங்களின் பணத்தினாலேயே அது நடக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். வெளிநாட்டுப் பணத்தை நோக்காமல், தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். ஏழைச் சபைகளும் அதைத் தாங்கின.

அந்தக் கலயமே நமக்கு மாதிரி. சம்பளம் வந்த அன்றே மூன்று பங்கை எடுத்துவையுங்கள். ஒன்று தேவனுக்கு. ஒன்று கடன் தீர்க்க. அதிக வட்டிக் கடனை முதலில் தீருங்கள். ஒன்று வியாதிக்கும் வேலை இழப்புக்கும், சிறிதானாலும் போதும். ஏழு வருஷ விளைச்சலில் யோசேப்பு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தது பஞ்சத்தில் தேசத்தைக் காத்தது. மீதியில் குடும்பம் நடக்கட்டும். கணவன் மனைவி இருவரும் ஒன்றாய் உட்கார்ந்து கணக்கு எழுதுங்கள். மனைவிக்குத் தெரியாத கடன் வீட்டை உடைக்கும். கல்யாணமும் மஞ்சள் நீராட்டும் விரலுக்குத் தகுந்த வீக்கமாயிருக்கட்டும். 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. எழுபது வயதானவர்களுக்கு 2024 முதல் வருமான வரம்பின்றி அது விரிவாக்கப்பட்டது. அட்டையை நோய் வருமுன்னே வாங்கிவையுங்கள்.

எங்களிடமும் கணக்குக் கேளுங்கள். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவுல் தனியே கொண்டுபோகவில்லை. குற்றம் சாட்ட இடமில்லாதபடி சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் கூட்டிக்கொண்டார். கேட்கிறவரைச் சந்தேகக்காரர் என்று நினைக்கமாட்டோம்.

கடனில்லாத வீட்டிலிருந்து வரும் ஒரு பிடி அரிசி, வட்டிக்கு வாங்கிய மூட்டையிலும் எங்களுக்கு அருமையானது. கொஞ்சத்தில் உண்மையாயிருக்கும் கிருபையைத் தேவன் உங்களுக்கும் எங்களுக்கும் தந்தருள்வாராக. ஆமென்.