தோப்பு மனையாகும்போது நாம் பார்க்க வேண்டியவை
(அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

கோட்டைமேட்டிலும் கரும்புக்கடையிலும் வாடகை வீட்டில் நெருக்கியடித்து வாழும் நமக்கு, சொந்தமாக மூன்று சென்ட் இடம் என்பது பெரிய கனவு. பேரூர், தொண்டாமுத்தூர் பக்கம் நேற்றுவரை தென்னந்தோப்பாக இருந்த பூமிகள் இன்று கல் நட்டு விற்பனைக்கு வருகின்றன.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஆரஞ்சு கவுண்டி என்ற பகுதி உண்டு. ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பேர்போன இடம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவை வீட்டுமனைகளாகிவிட்டன. 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டும் ஆரஞ்சுத் தோப்பு இருந்த இடம்தான். இன்று பெயரில் மட்டும் ஆரஞ்சு, நம் கரும்புக்கடையில் கரும்பு இருப்பதுபோல.

தோப்பை மனையாக்குவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. மக்களுக்கு வீடு வேண்டும். ஆனால் எப்படிப் பிரித்தார்கள் என்று பார்த்து வாங்க வேண்டும்.

நம்மிடம் உதவி கேட்டு ஒரு குடும்பம் வந்தது. மகளின் நகையை விற்று, "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்ற வார்த்தையை நம்பி மனை வாங்கியவர்கள். வங்கி கடன் தர மறுத்துவிட்டது. பிறகு, தோப்பை விற்ற அண்ணன் தம்பிகளின் சகோதரி, "என் பங்குக்கு நான் கையெழுத்துப் போடவில்லை" என்று வழக்குத் தொடுத்தார். வருடங்கள் ஓடிவிட்டன. ஒரு செங்கல்கூட வைக்க முடியவில்லை.

ஆகவே மூன்று விஷயங்கள். முதலாவது, அனுமதி. அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் வந்த வரன்முறை விதிகளுக்கும் 20.10.2016 என்ற எல்லைத் தேதி உண்டு. புதிய மனைப்பிரிவு என்றால் டிடிசிபி அனுமதி எண்ணையும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டதாக இருந்தால் ரெரா பதிவு எண்ணையும் கேளுங்கள்.

இரண்டாவது, பொது இடம். 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். ஐந்து ஏக்கர் தோப்பில் சாலைக்கு ஒரு ஏக்கர் போனால், 40 சென்ட் நம் பிள்ளைகள் விளையாட வேண்டிய இடம். அதையும் பின்னால் மனையாக விற்க வருவார்கள். வாங்காதீர்கள்.

மூன்றாவது, பெண்களின் பங்கு. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று மூன்றையும் வைத்து எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டார்களா என்று பாருங்கள். விற்பவர் நம்மவராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. மகளுக்கு அல்லாஹ் விதித்த பங்கை மறைத்து விற்ற பூமியில் பரக்கத் எப்படி இருக்கும்? நம் வீட்டுச் சொத்தைப் பிரிக்கும்போதும் இதே கேள்வியை நம்மிடமே கேட்டுக்கொள்வோம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பத்திர நகல்களை நம் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டித் தருகிறோம். கொடுத்த பிறகு வந்தால் துஆ செய்வதைத் தவிர நம்மால் ஆவது குறைவு.

ஹலாலான சம்பாத்தியத்தில் வில்லங்கமில்லாத வீட்டை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.