ரேகைச் சட்டமும் கரக் சிங் வழக்கும்



அடிப்படை உரிமைத் தீர்ப்புகளைப் பேச வருகிறவர்கள் 1950-இல் வந்த ஏ.கே. கோபாலன் வழக்கிலிருந்து தொடங்குவது வழக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் நின்று பேசுகிறவன் இன்னும் பின்னுக்குப் போயாக வேண்டும். ரேகைச் சட்டத்தை உடம்பால் அறிந்த மனிதர்கள் வாழ்ந்த மண் இது.

வட இந்தியாவை மனத்தில் வைத்து 1871-இல் எழுதப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம்தான் அது. 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர் வீட்டில் ஆணாகப் பிறந்தவன் கைரேகை வைக்க வேண்டும். இரவில் காவலர் கண்ணெதிரே படுக்க வேண்டும். சீட்டு இல்லாமல் ஊர் எல்லை தாண்டக் கூடாது. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்த மக்களைக் காவல்துறை சுட்டது. 16 பேர் மாண்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது அச்சட்டத்தின் வேறொரு பிரிவு. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அது சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது! திருடாதவன், நான் திருடவில்லை என்று போய்ச் சொல்ல ஓர் இடம் கிடையாது. 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்ததும் தீர்ப்பால் அல்ல. முத்துராமலிங்கத் தேவரும் பி. ராமமூர்த்தியும் இன்னும் பலரும் மக்களோடு நின்று போராடியதால் ஒழிந்தது. நாடு முழுவதும் 1952-இல் நீங்கியது.

அரசியலமைப்பு வந்தபின் என்ன மாறியது என்பதற்குக் கரக் சிங் சாட்சி. உத்தரப் பிரதேசத்துக்காரர். 1941-இல் கொள்ளை வழக்கொன்றில் சிக்கி, சாட்சியம் இல்லாததால் விடுவிக்கப்பட்டவர். ஆனாலும் காவல்துறை அவரைக் கண்காணிக்க அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்தது. நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டி எழுப்பியது. அவர் 32-ஆவது பிரிவின்கீழ் நேராக உச்ச நீதிமன்றம் போனார். இங்கிருந்த நம் பாட்டன்களுக்கு இல்லாத வழி அது. 1962 டிசம்பரில் ஆறு நீதிபதிகளும் அந்த இரவுச் சோதனை செல்லாது என்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ராஜகோபால ஐயங்காரும் மாறுபட்ட தீர்ப்பை எழுதிய சுப்பா ராவும் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர்கள். ஐயங்கார், கதவைத் தட்டுவதை மட்டும் தடுத்தார். மறைந்திருந்து கண்காணிப்பதை அனுமதித்தார். சுப்பா ராவோ, வேவு பார்க்கப்படும் மனிதன் சுதந்திரமாக நடமாட முடியாது என்று காவல்துறையின் கண்காணிப்பு விதி முழுவதையும் ஒதுக்கினார். என் மனம் அவர் பக்கம்தான். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது சுப்பா ராவ் வென்றார்.

இத்தோடு கதை முடிந்ததா? குற்றப் பரம்பரைச் சட்டம் போன மறு ஆண்டே, 1948-இல், சென்னை மாகாணத்தில் வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்தது. சாதியின் பெயர் போயிற்று, சந்தேகம் தங்கிவிட்டது. சிறை விதிகளிலும் அது ஒட்டிக்கொண்டிருந்ததை 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிச்சமிட்டது. சிறைப் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தை நீக்கச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையில் மோதலைத் தவிர்க்கவே கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைக்கிறோம் என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் முன்பு ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதே ஆண்டு மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில், எளிய சாதிகளில் பிறந்தவர்கள் பெயரில் சரித்திரப் பதிவேடுகள் இயந்திரத்தனமாகத் திறக்கப்படுவது பற்றியும் அது கவலை தெரிவித்தது.

மாணவர்களே, 2004-இல் மதுரைக் கிளை திறந்தபின் உயர் நீதிமன்றம் நமக்குச் சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. உத்தமபாளையத்திலும் பெரியகுளத்திலும் நீங்கள் கறுப்பு அங்கி அணியும்போது, உங்களைத் தேடி வருகிறவரிடம் இதையும் கேளுங்கள்: உன் பெயரில் காவல் நிலையத்தில் சரித்திரப் பதிவேடு இருக்கிறதா, எந்த வழக்குக்காகத் திறந்தார்கள், அந்த வழக்கு என்ன ஆயிற்று? வழக்கு முடிந்தபிறகும் பதிவேடு காரணமின்றித் திறந்தே கிடந்தால், 226-ஆவது பிரிவின்கீழ் மனுப் போடுங்கள்.