கண்ணகி கதையும் எம்மக்கள் வாழ்வும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மக்களிடையே வழங்கும் கதைகள் அவர்தம் வாழ்வையும் சமயத்தையும் எவ்வாறு காட்டுகின்றன என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். பொருளோ பெரிது, தந்த நேரமோ அரைமணி. அரிச்சந்திரன் கதை இருக்கின்றது, நல்லதங்காள் கதை இருக்கின்றது, காத்தவராயன் கூத்து இருக்கின்றது. எல்லாவற்றையும் தொட்டுச் செல்ல முயன்றால் ஒன்றையும் தொடாதவராவோம். ஆதலின் ஒரு கதையை மட்டும் எடுத்துக்கொண்டோம். அது கண்ணகி கதை.

எல்லார்க்கும் தெரிந்த கதைதானே என்று முன்வரிசையிலுள்ள பெரியவர்கள் எண்ணக்கூடும். இளங்கோவடிகள் பாடிய கதையை எல்லாரும் அறிவோம், பரீட்சைக்கும் படித்தோம். காவலன் தவறினான், கோவலன் மாண்டான், கண்ணகி சிலம்பை உடைத்து வழக்கை வென்றாள், மதுரை எரிந்தது. அதன்பின் அவள் பதினான்கு நாள் நடந்து சேரநாட்டு மலையை அடைந்து, கணவனுடன் விண்ணுலகு சென்றாள் என்று காவியம் கூறும். எம்மவர் கதையிலோ அவள் சேரநாடு செல்லவில்லை. கடல் கடந்து இலங்கைக்கு வந்தாள். இன்று நாம் பேச வந்தது இந்தக் கண்ணகியைப் பற்றியே.

வன்னியிலே, முல்லைத்தீவுக்கு அண்மையில், நந்திக்கடற் களப்பின் ஓரத்திலே வற்றாப்பளை என்னும் தலம் உண்டு. மதுரையை எரித்த கண்ணகி இலங்கையில் ஒன்பது இடங்களில் தங்கிப் பத்தாவதாக வந்தமர்ந்த இடமாதலால் அது 'பத்தாம்பளை' எனப்பட்டு, பின்னர் வற்றாப்பளை ஆயிற்று என்பர். அங்கே வழங்கும் கதை இது. களப்பின் கரையிலே சிறுவர் சிலர் மாடு மேய்த்துக்கொண்டிருந்தனர். கிழவி ஒருத்தி வந்தாள். பசிக்கிறது என்றாள். பிள்ளைகள் தம்மிடமிருந்த அரிசியைப் பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது பட்டது. விளக்கேற்றுங்கள் என்றாள். எண்ணெய்க்கு எங்கே போவோம் என்றார்கள். கடல்நீரை அள்ளி ஊற்றித் திரியைக் கொளுத்துங்கள் என்றாள், விளக்கு எரிந்தது. பின்னர், தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்றாள். பிள்ளைகள் தலைமயிரை விலக்கிப் பார்த்தபோது தலை நிறையக் கண்கள், ஆயிரம் கண்கள் தெரிந்தன. அவர்கள் திகைத்து நிற்கையிலேயே கிழவி மறைந்துபோனாள்.

இக்கதை வெறுங்கதையாய் நிற்கவில்லை. ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னே கடல்நீர் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிலே அந்நீரால் விளக்கெரித்து, பின்னர் வற்றாப்பளைக்குக் கொண்டு செல்கின்றனர். பொங்கலன்று திரளும் கூட்டத்தைக் கண்டவர்கள் இச்சபையிலும் பலர் இருப்பர்.

இக்கதையைச் சற்று நின்று நோக்குவோமாயின் அது எத்தகைய மக்களுடைய கதை என்பது விளங்கும். அரண்மனை இல்லை, மந்திரி இல்லை, மந்திரம் ஓதுவார் இல்லை. மாடும், களப்பும், ஒரு பானை பொங்கலுமே உள. இரவில் எண்ணெய் இல்லாத வறுமை இருக்கின்றது. அவ்வறுமையிலும், யாரென்று அறியாத கிழவிக்குச் சோறு கொடுக்கும் வழக்கம் இருக்கின்றது. தெய்வம் இவர்களிடம் தங்கம் கேட்கவில்லை; உண்ணச் சோறு கேட்டது, தலை பார்க்கச் சொன்னது. எமது வீடுகளில் ஒருத்தி மற்றொருத்திக்குத் தலை பார்ப்பதென்றால் இருவருக்குமிடையே எத்துணை நெருக்கம் வேண்டும்! அவ்வளவு அண்மையிலே தெய்வத்தை வைத்துப் பார்த்த மக்கள் இவர்கள்.

கிழக்கே மட்டக்களப்புப் பகுதிக்குச் சென்றால் இதே உள்ளத்தைப் பிறிதொரு வடிவத்திற் காணலாம். அங்குள்ள கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றில் ஆண்டின் பெரும்பகுதி கதவு சாத்தியிருக்கும். வைகாசியிலே கதவு திறப்பர். சடங்கு நடக்கும் நாட்களில் இரவுதோறும் உடுக்கொலியுடன் கண்ணகி வழக்குரை என்னும் பாட்டுக் கதையைப் படிப்பர். இறுதி நாளிலே நடைபெறுவது குளிர்த்தி. மதுரையை எரித்த சினம் தணியாது வந்த அம்மனை, இடைச்சேரிப் பெண்கள் வெண்ணெயும் தயிரும் கொண்டு ஆற்றினர் என்பது அங்குள்ள மரபு. குளிர்ந்தருள வேண்டுமென்று ஊர் கூடி வேண்டிக்கொள்ளும். வெயில் கொளுத்தும் மாதம்; அம்மையும் கண்ணோயும் பரவும் மாதம். அம்மன் குளிர்ந்தால் ஊரும் குளிரும், மழையும் பெய்யும் என்பது அம்மக்களின் நம்பிக்கை.

கொம்புமுறி என்னும் விளையாட்டும் இவ்வழிபாட்டைச் சேர்ந்ததே. ஊரே இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பூட்டி இரு பக்கமும் இழுப்பார்கள். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். தோற்றவரை மற்றவர் வசைபாடுவதும் உண்டு! கணவன் மனைவி வழக்கை இப்படி ஊர் முழுவதும் இழுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொண்ட பேரறிவை எண்ணி நாம் வியந்ததுண்டு. சற்றுச் சிரித்ததும் உண்டு.

கதையை எமது மண்ணுக்குரியதாக்க எம்மவர் செய்த மற்றொரு செயலையும் குறிப்பிடவேண்டும். கண்ணகியின் சிலம்பிலே இருந்தது மாணிக்கப் பரல் என்று இளங்கோ கூறினார். அம்மாணிக்கம் எங்கிருந்து வந்தது? காவியத்தில் விடையில்லை. எம்மவர் கேட்டார்கள், விடையும் சொன்னார்கள். சிலம்புக்கு வேண்டிய நாகமணியைத் தேடி மீகாமன் என்பான் கப்பலேறி எமது தீவுகளுக்கு வந்தான்; வெடியரசன் என்னும் கடற்றலைவனோடு பொருதான். நெடுந்தீவிலே இன்றும் ஓர் இடிபாட்டை வெடியரசன் கோட்டை என்று காட்டுவர். கடலோடிகளான மக்கள் கதை சொன்னால் அதிலே கப்பலும் கடற்போரும் வராமலிருக்குமா? மதுரையிலே நடந்த வழக்கின் வேர் எமது கடலிலே இருக்கின்றது என்பது அவர்கள் கண்ட கதை.

சிங்கள மக்கள் இவளைப் பத்தினித் தெய்வம் என்று வணங்குகின்றனர். கண்டிப் பெரஹராவிலே பங்குகொள்ளும் நான்கு தேவாலயங்களுள் ஒன்று பத்தினிக்குரியது. மாங்கனியிலே பிறந்தவள், மூன்று கண்ணுடைய பாண்டியனின் பகையாய் வந்தவள் என்று அவர்கள் சொல்லும் கதை எமது வழக்குரையிலும் இருக்கின்றது. எமது கொம்புமுறியே அவர்களிடம் அங்கெளிய. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1984 இல் இத்தெய்வத்தைப் பற்றி ஒரு பெருநூலே வெளியிட்டார். இலங்கை மன்னன் கயவாகு இவ்வழிபாட்டுடன் தொடர்புடையவன் என்பதைச் சிலப்பதிகாரமும் சொல்லும், சிங்கள மரபும் சொல்லும். பலவற்றிலே பிரிந்துபோன இரு சாராரும் ஒரு பெண்ணின் சினத்துக்கு ஒரே வகையாய் அஞ்சினார்கள், ஒரே வகையாய் அவளை ஆற்ற முயன்றார்கள். இதற்கு மேல் நாம் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

இனி, எமது சொந்த விடயம் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். நாம் படித்தது மிஷன் பாடசாலையொன்றில். அப்பாடசாலைக்கு நாம் பட்ட கடன் பெரிது. அங்கே நாள்தோறும் காலையிற் கதை கேட்டோம். ஊதாரிப் பிள்ளை வீடு திரும்பிய கதையும், வழியிலே அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் தூக்கிச் சென்ற கதையும் இன்றும் எம் நெஞ்சில் இருக்கின்றன. 'வீட்டிற் கேட்ட கதையொன்று எழுதுக' என்று ஒருநாள் கட்டுரை தந்தார்கள். நாம் வற்றாப்பளைக் கதையை எழுதினோம். ஆசிரியர் நல்லவர், எம்மீது அன்புடையவர். பேன் பார்த்த பகுதியைச் சிவப்பு மையாற் கோடிட்டு, ஓரத்திலே 'அருவருப்பு' என்று எழுதிவிட்டார். சமாரியனிடம் கடவுளின் இரக்கத்தைக் காட்டிய அதே வகுப்பிலே, பேன் கடித்த கிழவியிடம் கடவுளைக் காண இடமில்லாமற் போயிற்று.

மிஷனை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. எமது பக்கத்தாரும் அக்கோட்டைக் கீறியவர்களே. நாவலர் பெருமான் கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை. சமண வணிகர் குலத்துப் பெண்ணொருத்தியைச் சைவர் வழிபடுவதா என்று அவர் கண்டித்தது யாவரும் அறிந்ததே. யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் சில பின்னாளில் இராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பெயர் மாறின. நாவலரைக் குறைசொல்லும் தகுதி எமக்கில்லை. அவர் இல்லையேல் இச்சங்கமே இல்லை. மிஷன் பாடசாலையிலே படித்து, பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து வேதாகமத்தையே தமிழாக்க உதவிய அவர், பாதிரிமாரின் ஏளனத்துக்கு இடங்கொடாத ஒழுங்கான சைவத்தை நிறுவ வேண்டியிருந்தது. அப்போரிலே ஆயிரங்கண்ணுடைய கிழவிக்கு இடமில்லாமற் போனது இயல்பே. ஆனால் ஒன்றை நினைக்கவேண்டும். அவர் மறைந்தது 1879 இல். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரம் முழுவதையும் உரையுடன் அச்சிட்டது 1892 இல். கற்றோரின் கைக்கு அக்காவியம் நூலாய் வந்து சேருமுன்னரே, கண்ணகியைக் கைவிடாது வைத்திருந்தவர்கள் ஏடு படித்த கட்டாடிமாரும், மாடு மேய்த்தவரும், உடுக்கடித்தவருமே. கண்ணகி வழக்குரையை வித்துவான் வி. சீ. கந்தையா ஆராய்ந்து பதிப்பித்தது 1968 இலேதான்.

இக்கதைகளெல்லாம் குற்றமற்றவை என்று நாம் வாதாடவில்லை. நல்லதங்காள் கதையிலே பஞ்சத்தின் பழி முழுவதும் அண்ணன் மனைவியின் தலையில் விழுகின்றது. மாதவியின் துயரைக் கேட்பார் எமது கண்ணகி கதையில் எவரும் இலர். கதை சொன்னவர்களின் குறை கதையிலும் இருக்கும். அக்குறையையும் சேர்த்தே நாம் அவர்களை அறிகின்றோம்.

வற்றாப்பளைக் கதையை நாம் முதன்முதற் கேட்டது எங்கே என்பதை இன்னும் சொல்லவில்லை. 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் போரின் இறுதி நாட்கள் அந்த நந்திக்கடற் கரையிலேயே கழிந்தன. அக்கரையைக் கடந்து வந்தவர்களுள் நாமும் ஒருவர். அப்போது எமக்கு ஆறு வயது. வவுனியாவிலே முகாமொன்றில் இருந்தோம். வைகாசி வந்தது. பொங்கலுக்குப் போக வழியில்லை. முகாமிலே பிள்ளைகளின் தலையெல்லாம் பேன். எமது அம்மம்மா முள்ளியவளைப் பக்கத்தவர். கூடாரத்தின் வாசலில் எம்மை இருத்தித் தலை பார்த்துக்கொண்டே இக்கதையைச் சொன்னார். அயற்கூடாரத்துப் பிள்ளைகளும் வந்து சூழ்ந்திருந்தார்கள். மதுரை எரிந்த இடம் வந்தபோது அவர்களுள் ஒரு சிறுமி கேட்டாள்: "அம்மம்மா, அந்த ஊரிலை எங்களை மாதிரிப் பிள்ளையள் இருக்கேல்லையோ?"

அம்மம்மாவின் கை நின்றது. சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "இருந்திருக்குங்கள் மோனை. அதுதான் அவ அவ்வளவு தூரம் நடந்தவ. நடந்தும் சூடு ஆறேல்லை. ஆரோ மாடு மேய்க்கிற பெடியள் குடுத்த பொங்கலிலைதான் ஆறினது."

இவ்விடையை நாம் எந்நூலிலும் படித்ததில்லை. இளங்கோவடிகளின் கண்ணகி நீதி பெற்றாள். நீதி பெற்றபின் அவள் நெஞ்சு என்னவாயிற்று, அவள் எரித்த ஊரின் பிள்ளைகள் என்னவானார்கள் என்று கேட்டவர்கள் எம்மக்கள். அதனாலேதான் கதைக்குப் பிற்பகுதி ஒன்று படைத்தார்கள் என்று நாம் கருதுகின்றோம். பத்து இடம் நடக்கவைத்தார்கள், பசிக்கவைத்தார்கள், பிள்ளைகள் கையாலே உண்ணவைத்தார்கள். குளிர்த்தியும் பொங்கலும் அப்பிற்பகுதியே. அழிவைக் கண்ட மக்களுக்கு முற்பகுதி மட்டும் போதாது.

சென்ற ஆண்டு விடுமுறையிலே அம்மம்மாவிடம் இக்கதையை முழுவதும் கேட்டு எழுதிக்கொள்ள அமர்ந்தோம். கிழவியும் பிள்ளைகளும் பேசிய பேச்சு ஒரு சொல்லும் தவறாமல் வந்தது. ஆனால் அம்மன் தங்கிய பத்து இடங்களின் பெயரைச் சொல்லும்போது அங்கணாமைக்கடவை, சுட்டிபுரம் என்று தொடங்கி ஏழு சொன்னார், மேலே வரவில்லை. விரலை மடக்கி மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தார். "கொம்மா சின்னனிலை பாடமாக்கினவள், அவளைக் கேள்" என்றார். அம்மாவுக்கு நான்குதான் தெரிந்தது. ஊருக்கு ஊர் இவ்வரிசை வேறுபடும் என்பதை நாம் அறிவோம்; நூல்களிலே தேடினால் ஒரு வரிசை கிடைக்கவும் கூடும். எமக்கு வேண்டியது அம்மம்மா மறந்த வரிசை. முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கத்துப் பெரியவர்கள் எவரேனும் இச்சபையில் இருந்து, மிகுதி மூன்று பெயரும் நினைவிலிருந்தால், கூட்டம் கலையுமுன் வாசலில் எம்மைக் கண்டு சொல்லியுதவுமாறு பணிவுடன் வேண்டுகின்றோம். கொப்பியும் பேனையும் கொண்டு வந்திருக்கின்றோம்.