சாட்சியின் நினைவும் மதிப்புரையாளரின் கடமையும்



இந்த ஆய்வு மாநாட்டிற்குத் தலைமை வகிக்கும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். தலைமை உரை என்றால் துறையின் சரித்திரத்தை ஆதியோடந்தமாக விஸ்தரிப்பது நம் மேடைகளின் சம்பிரதாயம். அதைச் செய்ய எனக்கு உத்தேசமில்லை. தடயவியல் உளவியலில் எழுதப்பட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையை மதிப்பிட உட்காருகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஏனெனில், வேறு சாஸ்திரங்களில் ஒரு கட்டுரை பிசகாகப் போனால் மறு வருஷம் இன்னொரு கட்டுரை வந்து அதைத் திருத்திவிடும். நம் துறையிலோ அந்தத் திருத்தம் வந்து சேர்வதற்குள், அக்கட்டுரையின் பேரால் நிரபராதி ஒருவன் சிறைக்குப் போயிருக்கலாம், அல்லது சிறைக்குப் போக வேண்டியவன் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இத்துறையில் மிகப் பிரசித்தமான மதிப்புரைகளுள் ஒன்று, விந்தையாக, ஒரு பரிகாசம். ஹார்வர்ட் சர்வகலாசாலையில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்த ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க், சாட்சிக் கூண்டைப் பற்றி 1908-இல் ஒரு நூல் வெளியிட்டார். தம் வீட்டில் நடந்த திருட்டைப் பற்றித் தாமே பிரமாணம் செய்து கொடுத்த சாட்சியத்தில் எத்தனை பிழைகள் புகுந்துவிட்டன என்பதை, மேஜை விரிப்பில் சுற்றியிருந்த கடிகாரத்தைக் காகிதத்தில் சுற்றியிருந்ததாகச் சொன்னது வரையில் ஒளிக்காமல் எடுத்துச் சொல்லிவிட்டு, இவ்வளவு பலவீனமான மனித நினைவை ஆராயும் சாஸ்திரத்தை வக்கீல்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையே என்று அதில் கடிந்துகொண்டார். சாட்சியச் சட்டத்தைப் பற்றிப் பெருநூல் எழுதியவரும், நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையின் சட்டக் கல்லூரித் தலைவருமான ஜான் ஹென்றி விக்மோர் மறு வருஷமே பதில் எழுதினார். எப்படி? ஒரு கற்பனை நீதிமன்றத்தைப் படைத்து, வக்கீல்கள் தொடுத்த மானநஷ்ட வழக்கில் பேராசிரியரைப் பிரதிவாதியாக்கிக் கூண்டில் ஏற்றி, குறுக்கு விசாரணை செய்து, கடைசியில் ஒரே ஒரு டாலர் நஷ்ட ஈடு விதிக்க வைத்தார்! படிப்பவர் சிரிப்பார், ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்த கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. பலரைச் சோதித்து அவர்களுள் இத்தனை பேர் தவறினர் என்று நீங்கள் காட்டுவது சரி. என் எதிரே கூண்டில் நிற்கும் இந்த ஒருவர் அந்தத் தவறியவர்களில் ஒருவரா, தவறாதவர்களில் ஒருவரா என்று சொல்ல உங்களிடம் மார்க்கம் உண்டா? நகைச்சுவையில் விக்மோர் சற்று எல்லை மீறினார் என்பது என் அபிப்பிராயம். கேள்வியில் அவர் மீறவில்லை.

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற, ஆனால் நம்மில் பலர் முழுதும் படிக்காமலே காட்டுகிற ஒரு கட்டுரையைத் திறந்து பார்ப்போம். வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் எழுதிய அக்கட்டுரை ஐந்தே பக்கம். 45 மாணவர்களுக்கு ஏழு மோட்டார் விபத்துப் படங்களைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விதான். வினைச்சொல் மட்டும் மாறியது. கார்கள் நொறுங்க மோதியபோது என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றார்கள். இடித்தபோது என்று கேட்கப்பட்டவர்கள் 34 மைல் என்றார்கள். தொட்டுக்கொண்டபோது என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். மேற்கோள் காட்டுவோர் வழக்கமாக இந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மதிப்புரையாளர் மூடக் கூடாது. ஐந்து வினைச்சொற்களுக்கு 45 பேர் என்றால் ஒரு சொல்லுக்கு ஒன்பதே பேர். அது மட்டுமன்று, கார்களின் உண்மையான வேகம் தெரிந்த படங்கள் நான்கு இருந்தன. அவற்றுள் 20 மைல் வேகத்தில் வந்த காரைப் பார்த்தவர்கள் சராசரியாக 37.7 மைல் என்றும், 40 மைல் வேகத்தில் வந்த கார்களுள் ஒன்றைப் பார்த்தவர்கள் 36.1 மைல் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதாவது, வேகத்தைப் பற்றி அவர்களுக்கு ஆதியிலேயே நிச்சயமான ஞானம் ஒன்றும் இல்லை. ஞானம் இல்லாத இடத்தில் கேள்வியில் இருந்த சொல் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. இதை வைத்துக்கொண்டு, அரிவாளால் வெட்டியவன் தன் சொந்தப் பங்காளிதான் என்று சொல்லும் ஒரு சாட்சியின் நினைவும் அவ்வளவுதான் என்று வாதிக்கப் புறப்படுவது அக்கட்டுரை தராத அதிகாரத்தை நாமாக எடுத்துக்கொள்வதாகும்.

இரண்டாவது பரிசோதனை இன்னும் ருசிகரமானது. 150 மாணவர்கள் ஒரு விபத்துப் படத்தைப் பார்த்தார்கள். 50 பேரிடம் நொறுங்க மோதியதாகவும், 50 பேரிடம் இடித்ததாகவும் சொல்லி வேகம் கேட்கப்பட்டது. மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஒரு வாரம் கழித்து எல்லாரையும் வரவழைத்து, உடைந்த கண்ணாடி ஏதும் பார்த்தீர்களா என்று பல கேள்விகளுக்கு இடையே ஒன்றாகக் கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஆயினும், நொறுங்க மோதியது என்ற சொல்லைக் கேட்டிருந்தவர்களில் 16 பேரும், இடித்தது என்று கேட்டிருந்தவர்களில் 7 பேரும், ஒன்றும் கேட்கப்படாதவர்களில் 6 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். 6-க்கும் 16-க்கும் இடையே உள்ள தூரம் நீதி நிர்வாகத்தைக் கவலைப்படச் செய்ய வேண்டிய தூரம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே அட்டவணையின் அடுத்த வரியில், மிகக் கடுமையான சொல்லைக் கேட்டும் 34 பேர் கண்ணாடி இல்லை என்றே சொன்னார்கள் என்பதும் இருக்கிறதே! எதிரியின் வக்கீல் 16-ஐ எடுத்துக்கொள்வார், அரசுத் தரப்பு வக்கீல் 34-ஐ எடுத்துக்கொள்வார். இருவர் சொல்வதும் அசல் உண்மை. கூண்டில் நிற்பவர் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதை இருவராலும் சொல்ல முடியாது. விக்மோர் கேட்டது இதைத்தான்.

மேலும், தப்பாகச் சொன்ன அந்த 16 பேரின் நினைவே மாறிப்போயிற்றா, அல்லது நினைவில் ஒன்றும் இல்லாத இடத்தை ஊகத்தால் நிரப்பினார்களா? இதைப் போன்ற ஆராய்ச்சிகளைப் பற்றி மெக்லாஸ்கியும் சரகோசாவும் 1985-இல் எழுதியதை, நல்ல மதிப்புரைக்கு இலக்கணமாக நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. புகுத்தப்பட்ட பொய் விவரத்தையே விடைகளில் ஒன்றாக வைத்துப் பரீட்சிப்பதால்தான் பழைய நினைவு அழிந்தது போலத் தோன்றுகிறது என்று சந்தேகித்து, அந்த விடையை நீக்கிவிட்டுப் பரீட்சித்தார்கள். தவறான தகவல் பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறக்குறைய ஒரேயளவு சரியாகவே விடையளித்தார்கள். ஆட்சேபத்தை வெறும் வாக்கியமாக எழுதாமல் பரிசோதனையாகவே செய்து காட்டிய மதிப்புரை அது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் ஒரு முறை பார்க்கலாம். கனடா நாட்டில் ஒரு துப்பாக்கிக் கடையைக் கொள்ளையிட வந்தவனுக்கும் கடைக்காரருக்கும் தெருவில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் கொள்ளைக்காரன் இறந்துபோனான். அதைக் கண்ணால் கண்ட 21 சாட்சிகளில் 13 பேரை, நான்கைந்து மாதம் கழித்து யூயிலும் கட்ஷாலும் விசாரித்து 1986-இல் எழுதினார்கள். சாட்சிகளின் நினைவு பெரும்பாலும் உறுதியாகவே இருந்தது; திசை திருப்பும் கேள்விகள் அவர்களை அவ்வளவாக அசைக்கவில்லை. ஆய்வுக்கூட முடிவுகளை எதிர்ப்போர் இதைப் பிரம்மாஸ்திரமாக வீசுவது வழக்கம். அதையும் நாம் சோதிக்காமல் விடலாகாது. மிகுந்த பதற்றம் அடைந்தவர்களே நன்றாக நினைவு வைத்திருந்தார்கள் என்பது மெய். ஆனால் அவர்களே சம்பவத்துக்கு மிக அருகில் இருந்தவர்களும்கூட. பதற்றம் நினைவை வளர்த்ததா, கிட்ட நின்று பார்த்தது வளர்த்ததா? 13 பேரை வைத்துப் பிரித்தறிய வழியில்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். விடையைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வரும் கேள்வியைச் சட்டம் அறியாமலில்லை. எதிர்த் தரப்பார் ஆட்சேபித்தால் முதல் விசாரணையில் நீதிமன்ற அனுமதியின்றி அதைக் கேட்கலாகாது என்றும், குறுக்கு விசாரணையில் கேட்கலாம் என்றும் 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டம் 141 முதல் 143 வரையுள்ள பிரிவுகளில் விதித்தது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் அதைக் கைவிடவில்லை. ஆனால் இந்தக் காவல் நீதிமன்ற வாசலில் மட்டும் நிற்கிறது. சாட்சி கூண்டில் ஏறுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, "லாரி எவ்வளவு வேகமா வந்து அடிச்சுத் தூக்குச்சு?" என்று யாராவது ஸ்டேஷனில் கேட்டிருப்பார், சாட்சி தயங்கித் தயங்கிச் சொன்னதை, "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி" என்று ரைட்டர் தம் வழக்கமான நடையில் எழுதியிருப்பார், அந்த வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தை வாங்கலாகாது என்பதும் சட்டமே. லாஃப்டஸ் ஒரு வாரம் கழித்துக் கண்டதை நம் நீதிமன்றங்கள் சில வருஷங்கள் கழித்துக் காண்கின்றன. அமெரிக்க மாணவர்களின் 40.8-ஐயும் 31.8-ஐயும் நம் கட்டுரைகளில் பிரதி செய்துகொண்டே இருப்பதைவிட, தார் ரோட்டோரத்து டீக்கடைக்காரரையும் களை எடுக்கப் போகும் பெண்களையும் உட்காரவைத்து, நம் ஸ்டேஷன் கேள்வியையே கேட்டுப் பரிசோதிப்பது எவ்வளவோ மேல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உண்மையறியும் மருந்து, பொய் காணும் கருவி, மூளை வரைபடம் என்பவை போதிய மதிப்பீடு பெறாமலே நம் நாட்டு வழக்குகளுக்குள் வந்து குடியேறின. சம்மதமில்லாதவர் மேல் அவற்றைப் பிரயோகிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் ஆணிவேர், தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளியாக்கும்படி எவரையும் நிர்ப்பந்திக்கலாகாது என்ற அரசியல் சாசனப் பாதுகாப்பு. சாஸ்திரக்காரர்கள் கட்டுரை நிலையிலேயே நிறுத்தியிருக்க வேண்டியதை நீதிபதிகள் சாசனத்தைக் காட்டி நிறுத்த நேர்ந்தது நமக்குக் கௌரவமல்ல.

ஆகவே, இந்த அரங்கில் வாசிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையையும் கேட்கும் நண்பர்களை நான் வேண்டிக்கொள்வது இது: முடிவுரையைக் கேட்டுக் கைதட்டுவதற்கு முன், எத்தனை பேரை, எங்கே, என்ன சொல்லால் கேட்டீர்கள் என்று எழுந்து வினவுங்கள், கட்டுரையாளர் என் சக ஊழியராயினும், என் மாணவராயினும் தாட்சண்யம் வேண்டாம். அட்டவணைகளின் பிரதிகள் வாசலில் உள்ள மேஜையில் வைக்கப்பட்டிருக்கின்றன. முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.